வெற்றிலை எண்ணெயும் அதன் இரசாயனப் பகுப்பும்

புத்தளம் மாவட்டக் கரையோரத்தின் தென்பகுதியில், தென்னந்தோட்டங்களினிடையே, வெற்றிலை நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டு வருகின்றது. நெல்லும் மரக்கறியும் செய்யும் கமக்காரர் பலருக்கு வெற்றிலைப் பாத்தியே கைச்செலவுக்கு உதவுவது. தடித்த கரும்பச்சை இலை பாகிஸ்தானுக்கு ஏற்றுமதியாகின்றது. கழிக்கப்படும் சிற்றிலைகளிலிருந்து மருந்தெண்ணெய் வடிக்கலாமென்ற பேச்சு உங்கள் காதிலும் விழுந்திருக்கும். அண்டாவும் குழாயும் வாங்குமுன், அவ்வெண்ணெயில் இருப்பது யாதென அறிதல் நன்று.

இலையினூடு நீராவியைச் செலுத்தினால் எண்ணெய் அதனுடன் கலந்து வெளியேறும். குளிர்ந்ததும் நீரினின்று பிரிந்து நிற்கும். நூறு கிலோ பச்சையிலையில் ஒரு கிலோ எண்ணெய்கூடக் கிடையாது. அதுவும் தனிப்பொருளன்று, பல பொருள்களின் கலவை. இவற்றைப் பிரித்தறியும் வாயு நிறப்பகுப்பு முறையை 1952 இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ், மார்ட்டின் என்னும் இருவர் வெளியிட்டனர். சூடாக்கிய நுண்குழாயினுள் எண்ணெய்த்துளியொன்றை விட்டு வாயுவினாற் செலுத்த, ஒவ்வொரு பொருளும் தன்தன் வேகத்தில் வெளிவரும். கருவி அவற்றை முகடு முகடாக வரைந்து காட்டும். முகட்டின் பரப்பே பொருளின் பங்கு.

இலங்கை வெற்றிலை பற்றி 2005 இல் வெளியான ஆய்வு, எண்ணெயிற் பாதியளவு சஃப்ரோல் எனக் காட்டிற்று. கிருமியைக் கொல்வதும் பல்வலியைத் தணிப்பதுமான யூஜினோல் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறே. சஃப்ரோலோ எலிகளுக்கு ஈரற் புற்றுநோயை உண்டாக்கியது; அமெரிக்கா 1960 இல் அதனை உணவிற் சேர்ப்பதைத் தடைசெய்தது. ஆகையால் வீட்டில் வடித்த எண்ணெயை மருந்தென்று பருகலாகாது. பல இலைகளில் உள்ளது ஒரு துளியில் அடங்கிவிடுகின்றது. (வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றுக்கு முதற்காரணம் பாக்கும் புகையிலையுமே, அது வேறு கதை.)

வேற்றுநாட்டு வெற்றிலைகள் சிலவற்றில் யூஜினோலே மிகுந்துள்ளது. இனம், நிலம், இலையின் முதிர்வு என்பவற்றுக்கேற்ப எண்ணெய் மாறும். எனவே உங்கள் கொடியின் எண்ணெய்க்கு விலை கூறத்தக்கது பகுப்பறிக்கை ஒன்றே. அது கைக்கு வருமுன் மிளகாய்ப் பாத்தியை வெற்றிலைக்கு மாற்றற்க.

மாதிரி அனுப்புவோர் ஒரே இனக் கொடியில், ஒத்த முதிர்வுள்ள இலைகளை ஒரே நாளிற் பறித்தல் வேண்டும். வெயிலில் உலர்த்தினால் எண்ணெய் ஆவியாய்ப் போம். பக்கத்து மரக்கறிக்குத் தெளித்த பூச்சிமருந்து காற்றோடு வந்து வெற்றிலையிற் படியும். அம்மருந்துகளிற் சில எண்ணெயுடன் வடிந்தும் வரும். அத்தகைய கொடிகளை விலக்குக. இலைகளை ஈரத்துணியிற் சுற்றி நிழலில் வைத்து, இனம், கிராமம், பறித்த திகதி ஆகியவை எழுதிய துண்டுடன் தாமதமின்றி அனுப்புக.