பாட்டியின் சுருக்குப் பை

பேத்தி கடையிலிருந்து திரும்பி வந்தாள். அவள் முகம் வாடியிருந்தது.

"என்ன கண்ணு, தீப்பெட்டி வாங்கலையா?" என்று பாட்டி கேட்டார்.

"நாலு எட்டணா கொடுத்தேன் பாட்டி. இந்தக் காசு செல்லாதுன்னு கடைக்காரர் திருப்பிக் கொடுத்துட்டார்."

பாட்டி சிரித்தார். இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தார். அதிலிருந்து மூன்று பழைய காசுகளை எடுத்தார். பேத்தியின் கையிலிருந்த 50 பைசாவையும் பக்கத்தில் வைத்தார். இப்போது நான்கு காசுகள் வரிசையாக இருந்தன.

"இதிலே எது செல்லும், எது செல்லாது? கதையைக் கேட்டுட்டு நீயே சொல்லு" என்றார் பாட்டி.

முதல் காசு: ஓட்டைக் காலணா

முதல் காசின் நடுவில் பெரிய ஓட்டை இருந்தது. மேல் பக்கம் ஒரு கிரீடம் இருந்தது. 1943 என்று ஆண்டு போட்டிருந்தது.

அந்தக் காலத்தில் கணக்கு வேறு மாதிரி இருந்தது.

1 ரூபாய் = 16 அணா
1 அணா = 4 காலணா
1 ரூபாய் = 64 காலணா

காலணாவுக்குப் பைசா என்றும் பெயர் உண்டு. அதைவிடச் சிறிய காசு தம்பிடி. 3 தம்பிடி சேர்ந்தால் 1 காலணா.

1835ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி நாடு முழுவதற்கும் ஒரே மாதிரி நாணயங்களைக் கொண்டுவந்தது. அப்போது காலணா செம்பினால் செய்யப்பட்டது. எடை சுமார் ஆறரை கிராம். 1862 முதல் அதில் விக்டோரியா ராணியின் உருவம் வந்தது. 1906இல் செம்பு போய் வெண்கலம் வந்தது. எடையும் 5 கிராமுக்குக் கீழே இறங்கியது.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. உலோகத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அதனால் 1943இல் காலணாவின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். காசில் ராஜாவின் தலை இல்லை. அந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. காசின் எடை சுமார் 2 கிராம் ஆனது. ஆனாலும் அதன் மதிப்பு அதே காலணாதான்.

நாடு விடுதலை பெற்றது. 1950ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று சுதந்திர இந்தியாவின் நாணயங்கள் வந்தன. கிரீடம் போனது. சாரநாத்தில் உள்ள அசோகர் தூணின் சிங்கங்கள் வந்தன. புதிய காலணாவின் மறுபக்கம் ஒரு குதிரை இருந்தது.

இரண்டாவது காசு: நயா பைசா

இரண்டாவது காசு சிறியது. வட்டமானது. வெண்கலத்தால் செய்தது. 1957 என்று போட்டிருந்தது.

16 என்றும் 64 என்றும் கணக்குப் போடுவது கடினம். பத்து, நூறு என்று கணக்குப் போடுவது எளிது. ஆகவே 1955இல் அரசு சட்டத்தைத் திருத்தியது. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் புதிய கணக்கு நடைமுறைக்கு வந்தது.

1 ரூபாய் = 100 நயா பைசா

'நயா' என்ற இந்திச் சொல்லுக்குப் 'புதிய' என்று பொருள். பழைய பைசாவோடு குழப்பம் வரக்கூடாது என்று இந்தப் பெயரை வைத்தார்கள். 'ரூபாயின் நூறில் ஒரு பங்கு' என்று காசின் மேலேயே இந்தியில் எழுதியிருந்தார்கள்.

1 நயா பைசா வட்டமாக இருந்தது. 5 நயா பைசா சதுரமாக இருந்தது. 2 நயா பைசாவுக்கும் 10 நயா பைசாவுக்கும் ஓரம் வளைந்து வளைந்து இருந்தது. எழுத்துத் தெரியாதவரும் தடவிப் பார்த்தே காசை அறிய முடிந்தது.

காசை அறிய முடிந்தது. ஆனால் கணக்கு?

காலணாவில் போன காசு

சில ஆண்டுகள் பழைய காசும் புதிய காசும் சேர்ந்தே புழங்கின. பழைய காசுக்கு எத்தனை நயா பைசா என்று அரசு ஓர் அட்டவணை கொடுத்தது.

1 காலணா = 2 நயா பைசா
2 காலணா = 3 நயா பைசா
3 காலணா = 5 நயா பைசா
1 அணா = 6 நயா பைசா

உண்மையில் 1 காலணாவுக்கு ஒன்றரை நயா பைசாவைவிடச் சற்று அதிகம் வரும். அரைக் காசு கிடையாது. ஆகவே அதை 2 என்று வைத்தார்கள். 1 அணாவுக்கு ஆறேகால் வரும். அதை 6 என்று வைத்தார்கள்.

அப்போது பாட்டி சிறுமி. பாட்டியின் அம்மா தினமும் கூலி வாங்குவார். தினமும் காலணாவுக்கு உப்பும் மிளகாயும் வாங்குவார். புதிய காசு வந்தபின் தினமும் 2 நயா பைசா கொடுத்தார்.

"நாலு நாளைக்கு எவ்வளவு ஆச்சு, சொல்லு" என்று பாட்டி கேட்டார்.

பேத்தி விரலை மடக்கினாள். "நாலு ரெண்டு எட்டு. 8 நயா பைசா."

"நாலு நாள் சாமானையும் சேர்த்து ஒரே தடவையா வாங்கியிருந்தா?"

"நாலு காலணா ஓர் அணா. ஓர் அணாவுக்கு 6 நயா பைசாதானே!" பேத்தி வியந்தாள். "அப்போ 2 நயா பைசா வீணாப் போச்சே பாட்டி!"

"ஆமாம் கண்ணு. கடைக்காரர் ஏமாத்தலை. அட்டவணைப்படிதான் வாங்கினார். எங்க அம்மாவுக்கு அட்டவணையைப் படிக்கத் தெரியாது. ஒரு மாசம் கழிச்சு, படிச்ச பக்கத்து வீட்டுக்காரர் கணக்குப் போட்டுச் சொன்னார்."

30 நாளைக்கு 30 காலணா. அதாவது 7 அணாவும் 2 காலணாவும். புதிய கணக்கில் அது சுமார் 47 நயா பைசா. ஆனால் தினமும் 2 வீதம் கொடுத்தது 60 நயா பைசா. 13 நயா பைசா அதிகம். ஏறக்குறைய 2 அணா. அந்த வீட்டுக்கு அது எட்டு நாள் உப்பு மிளகாய்ச் செலவு.

அடுத்த மாதம் முதல் பாட்டியின் அம்மா ஓர் அணாவுக்குச் சேர்த்து வாங்கினார். 6 நயா பைசா கொடுத்தார். இப்போது அணாவுக்குக் கால் பைசா அவருக்கு மிச்சம்!

மூன்றாவது காசு: சதுரப் பைசா

மூன்றாவது காசு வெள்ளையாக இருந்தது. சதுரமாக இருந்தது. கையில் வைத்தால் கனமே தெரியவில்லை.

1964ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் 'நயா' என்ற சொல்லை விட்டுவிட்டார்கள். வெறும் 'பைசா' என்றார்கள். மக்களுக்குப் புதிய கணக்குப் பழகிவிட்டது.

ஆனால் வேறொரு தொல்லை வந்தது. விலைவாசி ஏறியது. உலோகத்தின் விலையும் ஏறியது. சின்னக் காசு செய்ய ஆகும் செலவு, காசின் மதிப்பைத் தாண்டினால் அரசுக்கு நஷ்டம். ஆகவே விலை குறைந்த, லேசான உலோகத்துக்கு மாறினார்கள். 1965 முதல் 1 பைசா அலுமினியத்தில் வந்தது. வெண்கல நயா பைசாவின் எடை ஒன்றரை கிராம். அலுமினியப் பைசா அதில் பாதி. முக்கால் கிராம்தான்! 2, 3, 5, 10 பைசாக்களும் அலுமினியத்தில் வந்தன.

காசு செய்தியும் சொன்னது. 1975 சர்வதேசப் பெண்கள் ஆண்டு. அந்த ஆண்டு வந்த ஒரு 10 பைசாவில் 'சமத்துவம், வளர்ச்சி, அமைதி' என்ற சொற்கள் பொறிக்கப்பட்டன.

1988இல் எஃகுக் காசுகள் வந்தன. 25 பைசாவில் காண்டாமிருகம் இருந்தது. 50 பைசாவில் நாடாளுமன்றக் கட்டடமும் இந்திய வரைபடமும் இருந்தன.

விலைவாசி மேலும் ஏறியது. ஒரு பைசாவுக்கும் இரண்டு பைசாவுக்கும் வாங்க எதுவும் இல்லாமல் போனது. 2011ஆம் ஆண்டு ஜூன் 30 முதல் 25 பைசாவும் அதற்குக் கீழுள்ள காசுகளும் செல்லாது என்று அரசு அறிவித்தது. அதற்கு முன் வங்கிகளில் கொடுத்து மாற்றிக்கொள்ள நேரம் கொடுத்தது.

நான்காவது காசு: எட்டணா

"இப்போ சொல்லு. எது செல்லும்?" என்று பாட்டி கேட்டார்.

"முதல் மூணும் செல்லாது. 25 பைசா வரைக்கும்தான் நிறுத்தினாங்க. அப்போ 50 பைசா செல்லும்!"

பேத்தி சொன்னது சரி. 50 பைசா சட்டப்படி செல்லும். இந்திய ரிசர்வ் வங்கியும் இதைச் சொல்லியிருக்கிறது. 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரே சமயத்தில் 10 ரூபாய் வரை, அதாவது 20 காசு வரை, 50 பைசாவாகக் கொடுக்கலாம்.

அணா போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் அரை ரூபாயை மக்கள் எட்டணா என்றுதான் சொல்கிறார்கள். காசு மறைந்தாலும் பேச்சில் அது வாழ்கிறது.

பேத்தி நான்கு எட்டணாவையும் எடுத்துக்கொண்டு மறுபடி கடைக்குப் போனாள். "25 பைசாதான் செல்லாதுங்க. 50 பைசா செல்லும். வேணும்னா வங்கியில கேட்டுப் பாருங்க" என்று சொன்னாள். கடைக்காரர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்லாப் பெட்டியில் போட்டார். தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

தெரிந்துகொள்ளுங்கள்

காசில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். சிறிய குறி ஒன்று இருக்கலாம். அது காசு அடித்த ஊரைக் காட்டும்.

சாய்ந்த சதுரம் – மும்பை
நட்சத்திரம் – ஐதராபாத்
புள்ளி – நொய்டா
குறி இல்லை – கொல்கத்தா

பயிற்சி

1. ஒரு ரூபாய்க்கு எத்தனை காலணா?
2. 1943இல் காலணாவில் ஏன் ஓட்டை போட்டார்கள்?
3. 8 நாள் தினமும் 2 நயா பைசா கொடுத்தால் எவ்வளவு? அதையே இரண்டு தடவை, ஓர் அணா ஓர் அணாவாக வாங்கினால் எவ்வளவு?
4. எந்த ஆண்டு முதல் 25 பைசா செல்லாமல் போனது?
5. உங்களிடம் உள்ள ஒரு காசை எடுங்கள். அதிலுள்ள ஆண்டையும் குறியையும் எழுதுங்கள். அது எந்த ஊரில் அடித்தது?