மூக்குக்கு ஒரு கணக்கு, நெஞ்சுக்கு ஒரு கணக்கு

தை பிறந்தால் பேரையூர் வட்டாரத்தில் களமெல்லாம் நிறைந்துவிடும். மக்காச்சோளம், குதிரைவாலி, பருத்தி என்று ஒன்று மாற்றி ஒன்று வரும். தானிய மண்டி வைத்திருக்கிற எனக்கு அதுதான் வருமானம், தும்மலும் அதில்தான். மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போது எழும் சுணை மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. கண் அரிக்கும், ராத்திரி இரண்டு மூக்கும் அடைத்து வாயால் மூச்சு விட வேண்டிவரும், விடியற்காலையில் நெஞ்சுக்குள் லேசாக விசில் அடிக்கும். மதுரையில் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர், இது ஒவ்வாமையால் வரும் மூக்கழற்சி, கூடவே லேசான ஆஸ்துமாவும் இருக்கிறது என்றார். எழுதிக் கொடுத்தது மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு ஸ்பிரே. ஒரு அழுத்தலுக்கு 50 மைக்ரோகிராம். ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு முறை, தினம் ஒரு வேளை.

இந்த மருந்து கேட்கிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் சொல்ல வந்தேன். ஏனென்றால் நம்ம ஆட்கள் எந்த மருந்துக்கும் வைப்பது ஒரே பரீட்சை: போட்டதும் கேட்டதா? கேட்காவிட்டால் மருந்தும் மட்டம், டாக்டரும் மட்டம். ஸ்டீராய்டு ஸ்பிரே இதில் நிச்சயம் தோற்கும். சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் போன்ற சொட்டு மருந்துகள் மூக்குக்குள் வீங்கிய ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும், சில நிமிடங்களில் மூக்கு திறந்துகொள்ளும். அந்தச் சுகத்துக்குப் பழகி நாலைந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால் மருந்தின் வேகம் இறங்கியதும் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். மண்டிக்கு வரும் லாரி டிரைவர் ஒருவர் பீடிக்கட்டைப் போல அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார். ஸ்டீராய்டு ஸ்பிரேயின் வேலை வேறு, அது அழற்சியை அடக்குவது. அரை நாளில் லேசாகத் தெரியலாம், முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவும் விடாமல் தினமும் அடித்தால்தான்.

மருந்து ஆய்வுகளில் இதை எப்படி அளக்கிறார்கள் என்று மருத்துவரிடம் கேட்டேன். ரொம்ப எளிமையான கணக்குதான். தும்மல், மூக்கொழுகல், அரிப்பு, அடைப்பு என்று நான்கு தொல்லை. ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றால் 0, தாங்க முடியாவிட்டால் 3. மொத்தம் 12. மருந்தைத் தொடங்குவதற்கு முன்னாலேயே சில நாள் எழுத வைப்பார்கள், அப்போதுதான் எங்கிருந்து இறங்கியது என்று தெரியும். பழைய பற்று வரவு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு நானும் எழுத ஆரம்பித்தேன். ஐந்தாவதாக ஒரு கட்டம் நானே சேர்த்துக்கொண்டேன்: அன்றைக்கு மண்டியில் என்ன சரக்கு இறங்கியது?

அந்தக் கட்டம்தான் பெரிய உதவி செய்தது. பருத்தி வந்த நாளில் எண் சாதாரணமாக இருக்கும், குதிரைவாலி தூற்றிய நாளில் ஏறும், சரக்கே வராத ஞாயிற்றுக்கிழமை தானாக இறங்கும். இதைக் குறிக்காமல் விட்டால், அறுவடை முடிந்து தூசி அடங்கியதையெல்லாம் ஸ்பிரேயின் கணக்கில் வரவு வைத்துவிடுவோம். ஆய்வில் ஒரு பகுதிப் பேருக்கு மருந்தே இல்லாத ஸ்பிரேயைக் கொடுப்பது இதற்காகத்தான். யாருக்கு எது என்று அடிப்பவருக்கும் தெரியாது, கணக்கெடுப்பவருக்கும் தெரியாது. மருந்தில்லாதவர்களுக்கும் எண் கொஞ்சம் குறையத்தான் செய்யும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் மருந்தின் சம்பாத்தியம். தனி ஆளாக அதைச் செய்ய வழியில்லை, ஆகையால் குதிரைவாலி நாளைக் குதிரைவாலி நாளோடு மட்டும் ஒப்பிட்டேன். இரண்டாவது வார முடிவில் அடைப்பும் தும்மலும் தெளிவாக இறங்கியிருந்தன, கண் அரிப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை.

அடிக்கும் விதத்தில் கோட்டை விடுகிறவர்கள்தான் நிறைய. தலையை அண்ணாந்து, நடுச்சுவரைப் பார்த்து அடித்து, 'சர்'ரென்று உறிஞ்சுகிறார்கள். மருந்து தொண்டையில் இறங்கிக் கசக்கும், நடுச்சுவரில் பட்டுப் பட்டு ரத்தம் கசியும். முதலில் உப்புத்தண்ணீரால் மூக்கைக் கழுவிச் சீந்திவிட வேண்டும். காய்ச்சி ஆற வைத்த தண்ணீராக இருக்கட்டும், குழாய்த் தண்ணீர் கூடாது. குப்பியைக் குலுக்கி, தலையைக் கொஞ்சம் முன்னால் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும் அடிக்க வேண்டும். கை மாறினால் முனை தானாகவே அந்தந்தப் பக்கக் கண்ணின் வெளி ஓரத்தை நோக்கித் திரும்பிவிடும், நடுச்சுவர் தப்பிக்கும். மூச்சை மெதுவாக இழுத்தால் போதும். அடித்தவுடன் மூக்கைச் சீந்தாதீர்கள். புதுக் குப்பியை முதலில் காற்றில் சில முறை அடித்து, பனிபோலச் சீராக வருகிறதா என்று பார்க்க வேண்டும். அட்டையில் 120 முறை என்று போட்டிருந்தால் தினம் நான்கு வீதம் 30 நாளோடு அதன் கணக்கு முடிந்தது. அடியில் மருந்து தளும்பினாலும் அதற்குப் பிறகு அளவு சரியாக வராது.

"என்னண்ணே, ஸ்டீராய்டுன்னு சொல்றாக, தினமும் அடிக்கிறீகளே, உடம்பு ஊதிப்போகாதா?" என்று கேட்காத விவசாயி இல்லை. பயம் வந்த இடம் எனக்குத் தெரியும். இளைப்பு என்று போனால் சில மெடிக்கலில் சீட்டே இல்லாமல் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளைப் பல மாதம் தின்று முகம் உப்பியவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 10 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் மாத்திரை என்பது 10,000 மைக்ரோகிராம், அது ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் போகும். என் ஸ்பிரே ஒரு நாளைக்கு 200 மைக்ரோகிராம். மொமெட்டசோன் வீரியம் கூடிய மருந்துதான், எடையை மட்டும் வைத்துச் சமன் செய்யக் கூடாது. ஆனால் அதில் ரத்தத்தில் சேர்வது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்காகக் கேள்வி கேட்காமல் வருடக்கணக்கில் அடிக்கலாம் என்றும் அர்த்தமில்லை. கண் அழுத்த நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்ல வேண்டும், பிள்ளைகளுக்கு என்றால் வளர்த்தியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி நெஞ்சு. மூக்கும் நுரையீரலும் ஒரே பாதையின் இரு முனைகள் என்று உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து தயாரான அரியா என்ற ஒவ்வாமை மூக்கழற்சி வழிகாட்டுதல் 2001-லேயே சொல்லிவிட்டது. மூக்கு அடைத்தால் வடிகட்டாத, ஈரமில்லாத காற்று வாய் வழியாக நேரே நெஞ்சுக்குப் போகும். அப்படியானால் மூக்கைச் சரிசெய்தால் இளைப்பும் போய்விடுமா? 2013-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு, இன்ஹேலர் ஸ்டீராய்டு எடுக்காதவர்களுக்கு மூக்கு ஸ்பிரேயால் ஆஸ்துமாவிலும் ஓரளவு பலன் உண்டு என்றது. ஏற்கெனவே இன்ஹேலர் எடுப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு 24 வாரம் மொமெட்டசோன் ஸ்பிரே கொடுத்துப் பார்த்து 2015-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்விலும் ஆஸ்துமா அசைந்து கொடுக்கவில்லை.

அதனால் நோட்டில் நெஞ்சுக்குத் தனிப் பக்கம் போட்டேன். பீக் ஃப்ளோ மீட்டர் என்ற பிளாஸ்டிக் குழாயில் காலையும் மாலையும் மும்மூன்று முறை ஊதி, அதில் அதிகமானதை எழுதினேன். மூக்கின் எண் நன்றாக இறங்கிய பிறகும் விடிகாலை ஊதுவதற்கும் மாலை ஊதுவதற்கும் நடுவே 60 வரை வித்தியாசம் நின்றது. என் அளவு 400-ஐ ஒட்டியது, அதில் 60 என்பது நூற்றுக்குப் பதினைந்து. நூற்றுக்குப் பத்தைத் தாண்டினாலே ஆஸ்துமா அடங்கவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். "மூக்கு தேவலை" என்று மட்டும் சொல்லியிருந்தால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

மருத்துவர் இரண்டு பக்கத்தையும் புரட்டிவிட்டு, "மூக்குக்கு இதே போதும் சார். நெஞ்சுக்கு இது பத்தாது" என்றார். அதுவரை நான் இளைப்பு வரும்போது மட்டும் சால்பியூட்டமால் இழுத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்துமாவுக்கு அதை மட்டும் தனியாக நம்பியிருக்கக் கூடாது என்பது 2019 முதல் உலக அளவில் ஜினா என்ற ஆஸ்துமா வழிகாட்டுதல் சொல்வது. புடெசோனைடும் ஃபார்மோடெராலும் சேர்ந்த இன்ஹேலருக்கு மாற்றினார். பேச்சு தொடர்ந்து வராத அளவு மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால் ஸ்பிரே, ஆவி, நொச்சி எதையும் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-க்குப் போன் செய்யச் சொல்லி, கூட வந்த மகனிடமும் அதைத் தனியாகச் சொன்னார்.

இந்த வருடம் மார்கழி பாதியிலேயே, முதல் லோடு இறங்கும் முன், ஸ்பிரேயைத் தொடங்கச் சொல்லியிருக்கிறார். தூற்றும் வேலையைக் கொட்டகைக்கு வெளியே காற்று வாட்டத்துக்கு மாற்றிவிட்டேன், மூட்டை பிரிக்கும் பையன்களுக்கும் முகக்கவசம் வாங்கி வைத்திருக்கிறேன். அவர்கள் அதைத் தாடையில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பங்குனியில் ஸ்பிரேயை நிறுத்தலாமா என்று நோட்டைக் காட்டிக் கேட்க வேண்டும்.