நாடு மாறினால் உரிமமும் மாறும்

சென்ற ஆண்டின் இறுதியில் ஒரு திங்கட்கிழமை காலை, நம் கிளையின் நெடுநாள் வாடிக்கையாளரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நிலையான வைப்பு ரசீதுடன் வந்து அமர்ந்தார். முதிர்வுக்கு இன்னும் 4 மாதங்களே எஞ்சியிருந்தன. அதனை அன்றே முடித்துத் தொகையை இங்கிலாந்திலுள்ள மகனுக்கு அனுப்ப வேண்டும் என்றார். காரணம் கேட்டோம். லெஸ்டர் நகரில் ஒரு ரவுண்டானாவில் மகனின் கார் மற்றொரு காரின் மீது மோதிவிட்டது. நல்வாய்ப்பாக யாருக்கும் காயமில்லை. ஆயினும் காப்பீட்டு நிறுவனம் மகனின் காருக்கு இழப்பீடு தர மறுத்துவிட்டது. எதிர்த்தரப்பினருக்குத் தான் கொடுக்கும் தொகையையும் அவரிடமிருந்தே வசூலிக்கப்போவதாகக் கடிதம் அனுப்பியிருந்தது. மோதிய நாளன்று அவரிடம் அந்நாட்டில் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இல்லை என்பதே அதற்குக் காரணம்.

“பன்னாட்டு அனுமதியைப் புதுப்பிக்கச் சொன்னவனே நான்தான் சார். தூதரகம் வழியாக முறைப்படி விண்ணப்பித்து வாங்கினான். தேதி தவறவே இல்லை” என்றார் அவர்.

அவர் கூறியது உண்மை. ஆவணத்தின் தேதி தவறவில்லை. அவர் மகன் அந்நாட்டில் குடியேறி 14 மாதங்கள் ஆகிவிட்டன என்பதே சிக்கல். இங்கே நம் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வெளிநாடு செல்வோர் கணக்குத் தொடங்க வரும்போது, “பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்” என்று நாமும் அக்கறையுடன் சொல்லி வந்தோம். அது எதுவரை செல்லும் என்பதைச் சொன்னதில்லை. அந்தக் குறையை நீக்கவே இக்கட்டுரை.

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டு என்பது தனியான உரிமம் அன்று. நம் நாட்டு உரிமத்தில் உள்ள விவரங்களைப் பிற நாட்டுக் காவலர் படித்தறியும் வகையில் பல மொழிகளில் தரும் ஒரு சான்று மட்டுமே. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் அடிப்படையில், அதில் உறுப்பு நாடாகிய இந்தியா இதனை வழங்குகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 4ஏ அளித்து, ரூ.1,000 கட்டணம் செலுத்திப் பெறலாம். செல்லுபடிக் காலம் ஓராண்டு. மூல உரிமம் அதற்கு முன்பே காலாவதியானால் அந்த நாள் வரை மட்டுமே. 2021 ஜனவரியில் வெளியான மத்திய அரசு அறிவிக்கையின்படி, வெளிநாட்டில் இருப்போர் அங்குள்ள இந்தியத் தூதரகங்கள் வாயிலாகவே இதற்கு மீண்டும் விண்ணப்பிக்கலாம். பயனுள்ள வசதிதான், ஆசிரியரின் மகனைத் தவறாக எண்ண வைத்ததும் அதுவே.

அந்த உடன்படிக்கை எழுதப்பட்ட நோக்கத்தை உணர்ந்தால் குழப்பம் தீரும். அது விருந்தினருக்காக எழுதப்பட்டது, குடியேறியவருக்காக அன்று. ஒரு நாட்டில் ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து தங்கிவிட்ட ஓட்டுநருக்கு அச்சலுகையைத் தர எந்த உறுப்பு நாடும் கடமைப்பட்டதில்லை என்று அதன் முதல் உறுப்பிலேயே கூறப்பட்டுள்ளது. ஆகவே சீட்டை எத்தனை முறை புதுப்பித்தாலும், குடியேறியவருக்கு அந்நாட்டுச் சட்டம் வகுத்த கெடு நீளாது. விருந்தினர் எந்த நாளில் குடியிருப்பவர் ஆகிறார் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டமே முடிவு செய்கிறது.

பிரிட்டனில் கெடு, குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள். அதுவரை இந்திய உரிமத்துடன் கார் ஓட்டலாம். நம் உரிமத்தில் ஆங்கிலம் இருப்பதால் பன்னாட்டுச் சீட்டின் தேவையும் அங்கே குறைவு. 12 மாதங்கள் முடிந்த மறுநாள் முதல் இந்திய உரிமத்தைக் கொண்டு ஓட்டக்கூடாது. நடுவே விடுமுறைக்கு ஊர் வந்து திரும்பினால் கணக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும் என்று பலர் நம்புகின்றனர். குடியிருப்பு தொடரும் வரை அது பிழையான நம்பிக்கை.

அங்குள்ள நடைமுறையைச் சற்று விரித்துச் சொல்வது பயன் தரும். முதலில் கற்போருக்கான தற்காலிக உரிமம் பெற வேண்டும். இணையவழிக் கட்டணம் 34 பவுண்டு. அடுத்தது எழுத்துத் தேர்வு. கட்டணம் 23 பவுண்டு. 50 வினாக்களில் 43க்குச் சரியான விடை வேண்டும். அத்துடன், சாலைக் காட்சிகளைத் திரையில் பார்த்து ஆபத்து உருவாகும் கணத்தை இனங்காணும் பகுதியும் உண்டு. அதில் 75க்கு 44 பெற்றால் தேர்ச்சி. பிறகு சுமார் 40 நிமிடச் செய்முறைத் தேர்வு; வார நாளில் 62 பவுண்டு. இது 20 மீட்டர் தொலைவிலுள்ள வண்டி எண்ணைப் படித்துக் காட்டுவதில் தொடங்கும். சிறு பிழைகள் 15 வரை பொறுத்துக்கொள்ளப்படும். கடும்பிழை ஒன்று நேர்ந்தாலும் தோல்விதான். பதினைந்து ஆண்டுகள் நம் நகரச் சாலைகளில் ஓட்டியவர்கள் முதல் முறை தோற்றுத் திரும்பியதை நம் வாடிக்கையாளர்களே சொல்லக் கேட்டிருக்கிறோம். திருப்பத்தில் கண்ணாடியைப் பார்க்காமை, ரவுண்டானாவில் தவறான தடத்தில் நுழைதல் ஆகியவையே அவர்கள் கூறிய காரணங்கள். அவை திறமைக் குறைவல்ல, நெடுநாள் பழக்கம். எனவே பயிற்சியாளரிடம் சில மணி நேரமேனும் பயில்வதைச் செலவாகக் கருத வேண்டாம். இன்னொன்று: தானியங்கி கியர் வண்டியில் தேர்வு எழுதித் தேறினால் அவ்வகை வண்டியை மட்டுமே ஓட்ட இயலும்.

முதல் 12 மாதங்களுக்குள்ளேயே தற்காலிக உரிமத்துக்கு விண்ணப்பிப்பதில் இழப்பு எதுவுமில்லை. அக்காலத்தில் இந்திய உரிமம் செல்லுமாதலால் எல் பலகையோ உடன் அமரும் மேற்பார்வையாளரோ கட்டாயமில்லை. கெடு முடிந்த பின்னரோ இரண்டும் கட்டாயம். ஐந்தாம் அல்லது ஆறாம் மாதத்தில் தொடங்குவதே தக்கது என்பது நம் கருத்து. செய்முறைத் தேர்வுக்கு நாள் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது.

தாமதத்தின் விலை என்ன? காப்பீடின்றி வண்டி ஓட்டினால் காவல் துறை 300 பவுண்டு அபராதமும் உரிமத்தில் 6 தண்டப் புள்ளிகளும் விதிக்கலாம். அக்குறிப்பு 4 ஆண்டுகள் பதிவேட்டில் நிற்கும். அத்தனை ஆண்டும் காப்பீட்டுக் கட்டணம் உயர்ந்தே இருக்கும். விபத்தில் எதிர்த்தரப்பினருக்கு நிறுவனம் பணம் கொடுத்துவிட்டுப் பின்னர் ஓட்டியவரிடம் கோருவது நமக்குப் புதிதன்று. ‘முதலில் கொடு, பிறகு வசூலி’ என்னும் இம்முறையை ஓட்டுநர் உரிமக் குறைபாட்டு வழக்குகளில் நம் உச்ச நீதிமன்றமும் 2004ஆம் ஆண்டின் ஸ்வரண் சிங் வழக்கில் விளக்கியுள்ளது. பாதிக்கப்பட்டவர் காக்கப்படுகிறார், ஓட்டியவர் தப்புவதில்லை.

பிற நாடுகளின் கெடுக்கள் வேறு வேறு. ஜெர்மனியில் 6 மாதங்கள். அதன் பின் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் ஒரே விதி கிடையாது: கலிபோர்னியாவில் குடியிருப்பை நிலைநாட்டிய 10 நாட்களுக்குள் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், டெக்சாஸ் 90 நாட்கள் தருகிறது. ஒரே நிறுவனத்தில் பணியாற்றும் இரு நண்பர்கள் ஒருவருக்கொருவர் யோசனை சொல்லித் தவறு செய்வது இங்கேதான். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 60 நாட்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் சுற்றுலாவாகச் செல்பவர் பன்னாட்டுச் சீட்டுடன் ஓட்டலாம். குடியிருப்பு விசா பெற்றவருக்கு அச்சீட்டு பயன்படாது, உள்ளூர் உரிமம் வேண்டும். சிங்கப்பூரில் இந்திய உரிமத்தை மாற்றிக்கொள்ளலாம். அதற்கு அங்குள்ள அடிப்படை விதித் தேர்வில் தேற வேண்டும். விதிகள் மாறக்கூடியவை என்பதால், புறப்படும் வாரத்தில் அந்நாட்டு அரசின் அலுவல்முறைத் தளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்வது கடமை.

தேர்வின்றி உரிமத்தை மாற்றித் தருவதற்குப் பிரிட்டன் ஏற்ற நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. ஆனால் சிங்கப்பூரும், 2021 முதல் அமீரகமும் அதில் உள்ளன. துபாயில் முறைப்படி தேர்வெழுதி உரிமம் பெற்ற ஒருவர் பின்னர் லண்டனுக்குப் பணி மாறினால், குடியேறிய 5 ஆண்டுகளுக்குள் அதனை மாற்றிக்கொள்ள வழியுண்டு. வளைகுடா உரிமத்தைப் பழைய அட்டை என்று எறிந்துவிடாதீர்கள்.

இனி புறப்படுமுன் இங்கேயே முடிக்க வேண்டியவை. நம் மேசைக்கு அதிகம் வரும் சிக்கல் பெயர். தமிழகத்தில் உரிமம் எடுத்தவர்களின் அட்டையில் தலைப்பெழுத்துடன் ‘எஸ். குமரன்’ என்றிருக்கும்; கடவுச்சீட்டில் தந்தை பெயர் முழுமையாக விரிந்து குடும்பப் பெயராக நிற்கும். வங்கிக் கணக்குக்கே இவ்வேறுபாட்டால் உறுதிமொழிக் கடிதம் கேட்கிறோம். வெளிநாட்டு அதிகாரிக்கு நம் தலைப்பெழுத்து வழக்கம் எங்ஙனம் விளங்கும்? அவர் பார்வையில் அவை இரு வேறு மனிதர்களின் பெயர்கள். எனவே உரிமத்தின் பெயரைக் கடவுச்சீட்டோடு ஒத்ததாகத் திருத்திக்கொண்டு செல்லுங்கள்.

அடுத்தது, எத்தனை ஆண்டுகளாக ஓட்டுகிறீர்கள் என்பதற்கான சான்று. ஒன்டாரியோவில் படிப்படியான உரிம முறை நடைமுறையில் உள்ளது. முன் அனுபவத்துக்கு எழுத்துச் சான்று இருந்தால் காத்திருக்கும் காலம் பெரிதும் குறையும். மத்திய அரசின் ‘சாரதி’ இணையதளத்தில் உரிம விவரப் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். கையால் எழுதிய பழைய புத்தக வடிவ உரிமம் வைத்திருப்போரின் விவரம் கணினியில் ஏறியுள்ளதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அயல்நாட்டிலிருந்து இதற்காக அலைவது எளிதன்று.

இந்திய உரிமத்தின் காலாவதித் தேதியையும் மறக்க வேண்டாம். 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி, காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தும், பின் ஓராண்டு வரையிலும் புதுப்பிக்கலாம். அதனையும் கடந்துவிட்டால் மீண்டும் ஓட்டுநர் தேர்வுக்குச் செல்ல வேண்டும். ஓராண்டுக்குள் காலாவதியாகும் உரிமத்தைப் புறப்படுமுன்பே புதுப்பித்துவிடுவது நலம். மூல உரிமம் உயிரிழந்தால் வெளிநாட்டில் தரப்பட்ட தற்காலிகச் சலுகையும் அன்றே முடிந்துவிடும்.

ஆசிரியரின் வைப்பை நாம் முடிக்கவில்லை. முதிர்வுக்கு முன் முடித்தால் வட்டியில் ஒரு பகுதி குறையும். அதைவிட, எஞ்சிய 4 மாதங்களுக்கு வைப்பின் மீது கடன் பெறுவது அவருக்கு இலாபம் என்று கணக்கிட்டுக் காட்டினோம். தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ், நெருங்கிய உறவினர் பராமரிப்பு என்னும் காரணத்தைக் குறித்து, படிவம் ஏ2, நிரந்தரக் கணக்கு எண் ஆகியவற்றுடன் அன்று மாலையே பணம் சென்றது. நிதியாண்டில் ரூ.10 லட்சத்துக்கு உட்பட்ட தொகையாதலால் மூலத்தில் வரி வசூலும் இல்லை.

படிவத்தில் கையெழுத்திடும்போது அவர் கை சற்று நடுங்கியது. பணம் போனதைப் பற்றி அவர் பேசவில்லை. “ஒருவர் மேலும் படவில்லையே, அது போதும்” என்று மட்டும் இரு முறை சொன்னார். மகன் இப்போது பேருந்தில் பணிக்குச் செல்கிறார். எழுத்துத் தேர்வு முடிந்து, செய்முறைத் தேர்வுக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. நம் கிளையில் வெளிநாடு வாழ் இந்தியர் கணக்குக்கான விண்ணப்பத்துடன், ‘அங்கே கார் ஓட்டுவீர்களா? எந்த நாட்டில், எந்தத் தேதியில் குடியேறுகிறீர்கள்?’ என்று கேட்கும் ஒரு தாளையும் இணைத்து வருகிறோம்.