கால்வாய்க் கரையில் கப்பல் பார்க்க

அன்பு மருமகனுக்கு,

விடுமுறைக்கு டுலூத் வருகிறாய் என்று அக்கா சொன்னாள். வந்ததும் கப்பல் பார்க்க வேண்டும் என்று அடம் பிடிக்கிறாயாமே, மிகவும் சந்தோஷம். எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு வந்தால் பார்ப்பதற்கு இன்னும் நிறைய இருக்கும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

சுப்பீரியர் ஏரியின் மேற்கு முனையில் இருக்கிறது இந்த ஊர். ஏரி என்றதும் வீராணத்தையோ செம்பரம்பாக்கத்தையோ நினைத்துக்கொள்ளாதே. இதன் பரப்பு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். ஆழமான இடத்தில் 406 மீட்டர். அக்கரை கண்ணுக்கே தெரியாது.

ஏரியையும் உள்துறைமுகத்தையும் ஒரு கால்வாய் இணைக்கிறது. அகலம் 90 மீட்டர்தான். அதன் மேல் ஒரு இரும்புப் பாலம். கப்பல் வந்தால் பாலத்தின் நடுப்பகுதி, சாலையோடு சேர்ந்து, அப்படியே மேலே ஏறிவிடும். கால்வாய்ச் சுவரோரம் நடைபாதை இருக்கிறது. அங்கே நின்றால் கப்பலின் வெல்டிங் தழும்புகளைக்கூடப் பார்க்கலாம்.

கப்பல் தூரத்தில் தெரிந்ததும், அது ஏரிக் கப்பலா கடல் கப்பலா என்று பார். ஏரிக் கப்பல் நீண்டு, பெட்டி போல் இருக்கும். சரக்கைத் தானே இறக்கிக்கொள்ள, நீளமான ஒரு இரும்புக் கை மேல்தளத்தில் படுத்திருக்கும். கடல் கப்பலுக்கு அணியம் எனப்படும் முன்பகுதி கூர்மை. பெரும்பாலும் தளத்தில் கிரேன்கள் வரிசையாக நிற்கும். அட்லாண்டிக்கிலிருந்து இங்கே வர ஏறக்குறைய 3,700 கிலோமீட்டர். ஏரி கடல் மட்டத்தைவிட 183 மீட்டர் உயரத்தில் இருப்பதால், கப்பல் வழியில் லாக் எனப்படும் அடைப்புகளுக்குள் நின்று, உள்ளே ஏறும் தண்ணீரோடு தானும் உயர்ந்து, படிப்படியாக ஏறி வர வேண்டும். 1959-ல் செயின்ட் லாரன்ஸ் நீர்வழி திறந்த பிறகுதான் பெரிய கடல் கப்பல்களுக்கு இது முடிந்தது. ஏரிக் கப்பல்களில் மிக நீளமானது ‘பால் ஆர். டிரகார்த்தா’, சுமார் 309 மீட்டர். நயாகராவைச் சுற்றிப் போகும் வெல்லண்ட் கால்வாயின் லாக்குகளில் அதற்கு இடம் போதாது. ஆகவே அது கடலையே பார்க்காமல் நயாகராவுக்கு மேலே உள்ள ஏரிகளிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

பிறகு தண்ணீர் மட்டத்தைப் பார். அணியத்தின் பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக எண்கள் எழுதியிருக்கும். கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்பதைச் சொல்லும் எண்கள் அவை. கீழே உள்ள எண்கள் வெளியே தெரிந்து, கப்பல் உயரமாக மிதந்து வந்தால், பெரும்பாலும் வெறுங்கப்பல். சரக்கு ஏற்ற வருகிறது. அதே கப்பல் திரும்பும்போது மேலே உள்ள சில எண்கள்தான் மிஞ்சும். வயிற்றில் பத்தாயிரக்கணக்கான டன் இரும்புத்தாது, கோலிக்குண்டு அளவு உருண்டைகளாக. எனக்கு இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில் இன்றும் அலுப்பில்லை.

இவ்வளவு பெரிய கப்பல் இத்தனை குறுகலான கால்வாயில் மெதுவாக வரலாமே என்று உனக்குத் தோன்றும். சுக்கான் வேலை செய்ய அதன்மேல் தண்ணீர் பாய வேண்டும். வேகம் மிகக் குறைந்தால் கப்பல் சொன்னபடி திரும்பாது. பக்கக் காற்று வேறு தள்ளும். கால்வாய்க்குள் நீரோட்டமும் திடீர் திடீரென்று திசை மாறும். அதனால்தான் கேப்டன் ஓரளவு வேகத்தோடு நேராக உள்ளே விடுகிறார். இருபுறமும் மீதி இருப்பது முப்பது மீட்டருக்குக் குறைவு. அந்த நேரத்தில் ஹாரனைக் கவனி. மூன்று நெடில், இரண்டு குறில் ஊதினால் அது வணக்கம். பாலமும் அதேபோல் பதில் ஊதும். நெஞ்சுக்கூடு அதிரும்.

பாய்மரப் படகுகளை மறந்துவிடாதே. கப்பலை விட அவற்றில்தான் காற்றைப் படிக்க முடியும். காற்று வரும் திசைக்கு நேராகப் பாய்மரம் போக முடியாது. அதனால் இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்ந்து முன்னேறும். ஒவ்வொரு திருப்பத்திலும் பாய் ஒரு கணம் தளர்ந்து படபடத்து, மறுபக்கம் விம்மி நிற்பதைப் பார். கால்வாய்க்குள் நுழையும்போது பெரும்பாலும் பாயைச் சுருட்டி மோட்டாரில்தான் வருவார்கள். திறந்த நீரில் மோட்டார் படகு பாய்மரத்துக்கு வழிவிட வேண்டும். ஆனால் குறுகிய வழியில், அங்கே மட்டுமே செல்லக்கூடிய பெரிய கப்பலைப் பாய்மரம் மறிக்கக் கூடாது. பெரிய கப்பலால் ஒதுங்கவும் முடியாது, சட்டென்று நிற்கவும் முடியாது. விதி அதை ஒட்டித்தான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அலை சுவரைத் தாண்டும் நாளில் கால்வாய்ச் சுவரின் மேல் நடக்கக் கூடாது. 1967 ஏப்ரலில் மூன்று சகோதரர்களை அலை இங்கிருந்துதான் அடித்துக்கொண்டு போனது. தேடிப் போன கடலோரக் காவல் படை வீரர் ஒருவரும் திரும்பவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் மேலே இருக்கும் குன்றிலிருந்து பார்ப்போம். அங்கிருந்து துறைமுகம் முழுவதும் தெரியும்.

பைனாகுலர் என்னிடம் இருக்கிறது. நீ ஒரு தடித்த ஸ்வெட்டர் எடுத்து வா. ஜூலையிலும் ஏரிக் காற்று குளிரும். கப்பல் வரும் நேரத்தை முதல் நாளே பார்த்துவைக்கிறேன். விடியற்காலை வந்தால் எழுப்பலாமா என்று அக்காவிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
மாமா