கூட்டு என்னுஞ் சொல்

உலக வழக்கிலே கூட்டு என்னுஞ் சொல் பல பொருண்மேல் நிகழ்கின்றது. பருப்புங் காயுஞ் சேர்த்து அட்ட கறியுங் கூட்டு. வாணிகத்திற் பலர் முதலிட்டு நடத்துவதுங் கூட்டு. முற்றத்தைப் பெருக்குதலையுங் கூட்டுதலென்பர்; சிதறிய குப்பையை ஓரிடத்துச் சேர்த்தலின் அதுவும் பொருந்துவதே.

கூடு என்பது தன்வினை. கூட்டு என்பது பிறவினை. பிறவினையாகவே, கூட்டுவானொருவன் வேண்டப்படுகின்றான். கன்மம் சடமாகலின், தன்னைச் செய்த உயிரை அறிந்து தானே சென்று கூடமாட்டாது. உயிரும் அறிவித்தாலன்றி அறியாதாகலின், தன் வினைப்பயனைத் தானே தேர்ந்து கூட்டிக்கொள்ளமாட்டாது. தேருமாயின், துன்பத்தை விரும்பி எடுப்பார் யாவர்? ஆகலாற் கூட்டுவான் இறைவனென்பது சித்தாந்தம். ஆணவத்துக்கோ இச்சொல் இயையாது. அது செம்பிற் களிம்புபோல அனாதியே உடனுள்ளது, ஒருவராற் கூட்டப்பட்டதன்று.

இனி, முத்தியில் உயிர் சிவத்தொடு கூடுமென்றவழி, அக்கூடுதல் யாது? உமாபதிசிவனார் திருவருட்பயனில் தாடலை என்னும் புணர்மொழியை இதற்கு உவமை காட்டினார். தாள், தலை என்னும் இரண்டும் புணருங்கால், தகரம் டகரமாய்த் திரிய ளகரங் கெடுதலின், ஓசையளவிற் சொல் ஒன்றேயாம்; பொருளளவில் தாள் தாளே, தலை தலையே. முற்றும் ஒன்றாயிற்றென வாதிப்போர் தலையைத் தாளென்றுங் கூற வேண்டிவரும்! இரண்டேயென்பார்க்கோ அப்புணர்ச்சி தோன்றாது.

ஆயினும் ஒன்று அறியற்பாற்று. தாளுந் தலையும் முன்னே வேறுநின்று பின்னே புணர்ந்தவை; இறைவனோ உயிரை ஒருகாலும் நீங்கியிருந்திலன், மறைத்து நின்றது மலமே. அவ்வளவில் இவ்வுவமை ஒருபுடையெனக் கொள்க.