வேலை போனால் எந்த ஆபீஸ்?

சுங்குவார்சத்திரம் பக்கம் ஒருவருக்கு வேலை போய்விட்டால் அக்கம்பக்கத்தில் சொல்லும் முதல் யோசனை, "தாலுகா ஆபீஸ்ல ஒரு மனு போட்டுப் பாருங்க" என்பதுதான். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், திங்கட்கிழமை காஞ்சிபுரம் கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு அனுப்பி வைப்பார்கள். கஷ்டப்படும் குடும்பத்துக்குக் கொடுக்கவென்றே அங்கே ஒரு நிதி இருக்கிறது என்ற நம்பிக்கை.

அப்படி ஒரு நிதி இல்லை. நம் வருவாய்த் துறை, என்ன நடந்தது என்று பார்த்துத்தான் நிவாரணம் தரும். குடிசை எரிந்திருக்க வேண்டும். வெள்ளம் புகுந்திருக்க வேண்டும். அல்லது வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள வீட்டில் சம்பாதிப்பவர் 18 முதல் 59 வயதுக்குள் இறந்திருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு ஒன்றிய அரசின் தேசிய குடும்ப நலத் திட்டத்தில் 20,000 ரூபாய். காண்ட்ராக்ட் முடிந்து நிற்பதும் இரண்டு மாத வாடகை பாக்கியும் அந்தப் பட்டியலில் வராது.

வெள்ளம் வந்தால் எல்லாருக்கும் கிடைக்கும் என்பதும் முழு உண்மையில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு ரேஷன் கடையில் 6,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் குன்றத்தூர் வட்டம் முழுவதும் அதில் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் மூன்று வருவாய் கிராமங்கள் மட்டும். மழை எல்லைக்கல் பார்த்துப் பெய்யவில்லை, அரசாணை பார்த்தது.

மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய் நல்ல உதவிதான். ஆனால் அவசரத்துக்குக் கைகொடுக்கிற ஏற்பாடு அதுவல்ல. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. கணவனும் மனைவியும் ஆளுக்கு 12,000 ரூபாய் சம்பளத்தில் லைனில் நின்றாலே அந்த வரம்பு தாண்டிவிடும்.

அப்படியானால் வேலை போனவருக்கு எதுவுமே இல்லையா? "அரசாங்கம் ஒண்ணும் தராது" என்று கையை விரிப்பதும் தப்பு. கதவு இருக்கிறது, தாலுகா ஆபீசில் இல்லை, ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்தில். சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 16,000 ரூபாய் சம்பளமென்றால் ஈஎஸ்ஐ என்ற வரியில் 120 ரூபாய் பிடித்திருப்பார்கள். கம்பெனி தன் பங்காக 520 கட்டுகிறது. அந்தப் பிடித்தம் ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள்.

அதே ஈஎஸ்ஐ-யில் 2018 ஜூலை 1 முதல் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று ஒரு திட்டம் இருக்கிறது. (பெயரை வாயில் நுழையும்படி வைத்திருந்தால் பாதிப் பேருக்காவது தெரிந்திருக்கும்.) வேலையிழந்தவருக்கு அதிகபட்சம் 90 நாள், ஆயுளில் ஒரு தடவை. முதலில் சராசரிச் சம்பளத்தில் கால் பங்கு என்றிருந்தது, கொரோனா நேரத்தில் பாதியாக உயர்ந்தது. நம் 16,000 ரூபாய்க்காரருக்குப் பாதிக் கணக்கில் ஏறக்குறைய 24,000 வரும். தவணை தவணையாக நீட்டிக்கப்பட்டு வரும் திட்டம் என்பதால் அன்றைய நிலவரத்தைக் கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. கம்பெனி மூடப்பட்டாலோ, ஆட்குறைப்பு நடந்தாலோ உதவ 2005-லிருந்தே ராஜீவ் காந்தி பெயரில் இன்னொரு திட்டமும் உண்டு.

இரண்டுக்கும் பொதுவான ஒரு முடிச்சு இருக்கிறது: தானாக வேலையை விட்டவருக்கும் விருப்ப ஓய்வு வாங்கியவருக்கும் இல்லை. 2014-இல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடுவதற்கு முன்னால் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் விருப்ப ஓய்வில்தான் வெளியே போனார்கள். நவம்பர் 1-இல் உற்பத்தி நின்றது. ஆலை மூடியதால்தான் வேலை போனது என்று ஊருக்கே தெரியும். காகிதத்தில் அது விருப்பம்.

இன்றும் அதே காகிதம்தான் விஷயம். நிறுவனம் மாதாமாதம் ஈஎஸ்ஐ தளத்தில் பங்களிப்புக் கணக்கை ஏற்றும்போது, ஒருநாள்கூட வேலை செய்யாத தொழிலாளி பெயருக்கு நேரே காரணத்துக்கு ஓர் எண் போட வேண்டும். பணியிலிருந்து விலகினார் என்றால் 2. ஆட்குறைப்பு என்றால் 10. கணக்கு ஏற்றுபவர் பழக்கதோஷத்தில் 2 போட்டுவிட்டால் பிறகு அலைவது தொழிலாளிதான். "செட்டில்மென்ட் சீக்கிரம் வரும், ராஜினாமான்னு எழுதிக் குடுத்துடுப்பா" என்று சொன்னால், கையெழுத்துக்கு முன்னால் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

"காண்ட்ராக்ட் ஆளுக்கு ஈஎஸ்ஐ கிடையாது" என்பது அப்பட்டமான பொய். ஈஎஸ்ஐ-யின் கீழ் வரும் நிறுவனத்தில் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிற எல்லாருக்கும் உண்டு. காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் பணம் கட்டும் பொறுப்பு முதன்மை நிறுவனத்தின் தலையில் விழும்.

ரேஷனைப் பற்றியும் இப்படி ஒரு தப்பான நம்பிக்கை உண்டு. ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார் இளைஞர்கள், ரேஷன் ஊர்க்காரர்களுக்குத்தான் என்று நினைத்துக் கடைப் பக்கமே போவதில்லை. 2020 அக்டோபரிலிருந்து ஒரே நாடு ஒரே ரேஷன் தமிழ்நாட்டிலும் நடப்பில் இருக்கிறது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் அட்டையில் ஆதார் இணைந்திருந்தால், விரல்ரேகை வைத்து இங்கேயே தானியம் வாங்கலாம். தமிழ்நாட்டு அரசு தன் பணத்தில் மானியம் கொடுக்கும் துவரம் பருப்பும் பாமாயிலும் மட்டும் அந்த அட்டைக்குக் கிடைக்காது.