பலர் எழுதும் கிராம வரைபடம்: தகுந்த ஏற்பாட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கிராமத்தின் கணக்கு ஒன்றாக இருத்தல் வேண்டும். அதை எழுதும் கைகள் பலவாக இருக்கலாம். நமது நில நிர்வாகம் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வரும் நெறி இதுவே. ‘அ’ பதிவேடு, சிட்டா, அடங்கல், புலப்படம் ஆகிய யாவும் புல எண் என்னும் ஒரே சரட்டில் கோக்கப்பட்டவை. இப்போது கிணறு, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, சாலை, வண்டிப்பாதை ஆகியவற்றையும் கம்ப்யூட்டர் வரைபடத்தில் பதிந்து வைக்க ஊராட்சிகள் விரும்புகின்றன. இது போற்றத்தக்க விருப்பமே. எனினும், அதை எவ்வித ஏற்பாட்டில் வைப்பது என்பதைக் கருவி விற்போரின் சொல்லுக்கு விட்டுவிடாமல், நாமே ஆராய்ந்து முடிவு செய்வது அவசியம்.

திருப்பூரை அடுத்த முதலிபாளையத்தை உதாரணமாகக் கொள்வோம். ஒருபுறம் சிட்கோ தொழிற்பேட்டையும் பனியன் தொழிலகங்களும். மறுபுறம் தோட்டங்களும் கிணறுகளும். இடையே கைவிடப்பட்ட பாறைக்குழிகள். இத்தகைய ஊரில் ஒரே கிணற்றைப் பற்றிப் பலர் எழுத வேண்டியிருக்கிறது. அதன் இடத்தை ஊராட்சிச் செயலாளர் குறிப்பார். நீர்மட்டத்தை ஒருவர் அளப்பார். தண்ணீரின் உப்புத்தன்மையை வேறொருவர் சோதிப்பார். அருகே குழாய் பதிக்கும் பொறியாளருக்கும் அக்கிணற்றின் விவரம் வேண்டும்.

பழைய பதிவின் மதிப்பு

சாயக்கழிவு நீரால் நொய்யல் ஆற்றுப் பாசன விவசாயிகள் அடைந்த துன்பத்தை நாம் அறிவோம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயத் தொழிலகங்களை மூடுமாறு உத்தரவிட்டது. தம் கிணற்று நீர் கெட்டுவிட்டது என்று ஒரு விவசாயி முறையிடும்போது, அவருக்குத் துணை நிற்பது தேதியிட்ட பதிவே. குடிநீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம். வேறு நீராதாரம் இல்லாதபோது 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். சென்ற ஆண்டு 900 என்றிருந்த கிணற்றில் இவ்வாண்டு 2,300 என்று வைத்துக்கொள்வோம். பழைய எண்ணை அழித்து அதே இடத்தில் புதிய எண்ணை எழுதிவிட்டால், நீர் கெட்டது என்பதற்கே சான்று இல்லாமற் போய்விடும். ஆகவே, நாம் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டில் பழைய பதிவு அழியாமல் இருக்குமா என்பதே முதற்கேள்வி.

மூன்று வழிகள்

முதலாவது வழி, வரைபடத்தைத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்வது. ஷேப்ஃபைல் என்பது பழைய வகை. அதில் ஒரு பத்தியின் தலைப்புக்கு 10 எழுத்திடங்களே உண்டு. தமிழ் எழுத்து ஒன்றுக்குக் குறைந்தது மூன்று இடங்கள் செல்வதால், ‘நீர்மட்டம்’ என்ற சொல்லைக்கூட முழுமையாக எழுத இயலாது. 2014-இல் வெளியான ஜியோபேக்கேஜ் இக்குறை இல்லாதது. ஆனால் அதிலும் ஒரு வேளையில் ஒருவரே எழுதலாம். பலரும் எடுக்கும் பொதுக் கோப்புறையில் அதை வைத்து இருவர் ஒருசேர எழுத முற்பட்டால் கோப்பே பழுதாகக்கூடும். ஆளுக்கொரு பிரதி எடுத்தாலோ, எது மூலம், எது நகல் என்பது சில மாதங்களில் மறைந்துவிடும். ஒருவர் மட்டும் எழுதி, மற்றவர் பார்க்கும் சிற்றூருக்கு இவ்வழி போதுமானது.

இரண்டாவது வழி, ஒரே மூலத்தைச் சர்வர் என்னும் பொது இயந்திரத்தில் வைத்து, அவரவர் இடத்திலிருந்தே எழுதுவது. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளமும், 2001-இல் அதற்குத் துணையாக வெளிவந்த போஸ்ட்ஜிஐஎஸ்ஸும், வரைபடத்தைக் காட்டும் கியூஜிஐஎஸ்ஸும் விலையின்றிக் கிடைப்பவை. ஒரு கிணற்றின் பதிவை ஒருவர் திருத்தும்போது மற்றக் கிணறுகளைப் பிறர் தடையின்றித் திருத்தலாம். யார் பார்க்கலாம், யார் எழுதலாம் என்பதைப் பெயர்வாரியாக வரையறுக்கலாம். எனினும் இருவர் ஒரே கிணற்றின் ஒரே விவரத்தைத் திருத்தினால், பிந்திச் சேமித்தவர் எழுதியதே நிலைக்கும். பழைய பதிவைக் காக்கும் ஏற்பாடும் தானாக அமைவதன்று. தொடக்கத்திலேயே கேட்டு அமைத்துக்கொள்ள வேண்டும். விலையில்லை என்பதால் செலவில்லை என்று கருதலாகாது. இயந்திரத்தைப் பேணவும், நாள்தோறும் காப்புப் பிரதி எடுக்கவும் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும்.

மூன்றாவது, கட்டணம் செலுத்திப் பெறும் நிறுவன மென்பொருள். ஆர்க்ஜிஐஎஸ் போன்றவற்றில், ஒவ்வொருவரும் தனிப் பதிப்பில் திருத்தி, பின்னர் மேலதிகாரியின் ஒப்புதலோடு மூலத்தில் சேர்க்கும் வசதி உண்டு. தொழில்நுட்ப உதவியும் கிடைக்கும். ஆனால் கட்டணம் தொடர்ந்து வரும். அதைச் செலுத்த இயலாத ஆண்டில் நம் விவரங்களை முழுமையாக வெளியே எடுக்க முடியுமா என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் பெறுதல் நலம்.

கண்முன் உள்ள முன்மாதிரி

பலர் எழுதும் வரைபடக் கணக்கு நமக்குப் புதியதன்று. வருவாய்த் துறையின் ‘தமிழ்நிலம்’ ஏற்பாட்டில் பட்டா விவரங்களும், தேசிய தகவலியல் மையத்தின் கொலாப்லேண்ட் மென்பொருளால் வரையப்பட்ட புலப்படங்களும் உள்ளன. பொதுமக்கள் அவற்றைப் பார்க்கலாம், மாற்றுவதற்கு இயலாது. உட்பிரிவு வேண்டின் நில அளவர் அளக்கிறார். உரிய அதிகாரி ஒப்புதல் தருகிறார். பார்ப்பவர் பலர், எழுதுபவர் சிலர், ஒப்புபவர் ஒருவர் என்னும் இம்முறையையே ஊராட்சியும் பின்பற்றலாம். மேலும், ஒவ்வோர் ஊராட்சியும் தனித்தனியே இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. ஒன்றிய அளவிலோ மாவட்ட அளவிலோ ஒன்றிருந்தால் போதும். மாநில அளவில் தமிழ்நாடு புவியியல் தகவல் அமைப்பும் உள்ளது. புதிதாக வாங்குமுன், இருப்பது நமக்கு உதவுமா என்று கேட்டறிவதே சிக்கனம்.

அளவில் எச்சரிக்கை

கைப்பேசி காட்டும் இடக்குறிப்பு திறந்த வெளியிலும் சுமார் 5 மீட்டர் பிசகக்கூடும். சதுரமான ஒரு சென்ட் நிலத்தின் பக்கமோ ஏறத்தாழ 6.4 மீட்டர்தான். ஆகவே அக்குறிப்பு கிணற்றைக் கண்டுபிடிக்க உதவும். வரப்புத் தகராற்றைத் தீர்க்க உதவாது. அதற்கு நில அளவையும் புலப்படமுமே ஆதாரம். மேலும், மீட்டர் கணக்கில் இடம் குறிக்கும் உலக முறையில் திருப்பூர் 43-ஆம் மண்டலத்திலும், 78-ஆம் தீர்க்கரேகைக்குக் கிழக்கே உள்ள கரூர் நகரம் 44-ஆம் மண்டலத்திலும் அமைகின்றன. மண்டலத்தை மாற்றி எழுதினால், முதலிபாளையத்துக் கிணறு பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்கும். எல்லோரும் ஒரே அளவு முறையைக் கையாள்வதென்று முதல் நாளிலேயே தீர்மானித்தல் வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஊராட்சி உறுப்பினர்கள் தீர்மானம் நிறைவேற்றுமுன் பின்வரும் கேள்விகளைக் கேட்பார்களாக:

1. ஒரே நாளில் எத்தனை பேர் எழுதுவார்கள்? ஒருவரே எனில் தனிக் கோப்பு போதும். பலர் எனில் சர்வர் வேண்டும்.
2. ஒவ்வொரு விவரத்துக்கும் பொறுப்பாளர் யார்? ஒப்புதல் தருபவர் யார்?
3. திருத்தியவர் பெயரும் நாளும் பழைய பதிவும் நிலைத்திருக்குமா?
4. காப்புப் பிரதி வேறோர் இடத்தில் உள்ளதா? அதிலிருந்து மீட்டு எடுத்துப் பார்த்தாயிற்றா?
5. சைகை எட்டாத தோட்டத்தில் எழுதிக்கொண்டு, பின்னர் மூலத்தில் சேர்க்க வழியுண்டா?
6. வரி செலுத்துவோரின் பெயரும் தொலைபேசி எண்ணும் பொதுப் பார்வைக்கு வராமல் காக்கப்படுமா?

இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்கும் ஏற்பாடே நமக்கு ஏற்றது. அது விலையுயர்ந்ததா, விலையற்றதா என்பது அடுத்த விஷயம். வரைபடம் அமைந்தபின் அதைக் கிராம சபையில் விரித்துக் காட்டுவோம். எந்தக் கிணறு விடுபட்டது, எந்த இட்டேரி தவறாக வரையப்பட்டது என்பதை அவ்வழியே நாள்தோறும் நடக்கும் விவசாயியே நன்கறிவார். அவர் சொல்லும் திருத்தம் அவர் பெயராலும் நாளாலும் பதிவேறி நிலைத்திருக்குமாயின், அவ்வரைபடம் கிராமத்தின் உடைமையாகும். நாளை ஒரு முறையீடு எழும்போது அதுவே அவருக்குச் சான்றாகவும் நிற்கும்.